கயிறு பிடிப்பவரின் மூச்சு

கடலடியில் சங்கு எடுத்துப் பிழைக்கிற ஊர் ஒன்று இருந்தது. அங்கே ஒரு வழக்கம். சங்கு எடுக்கிற குளியாள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்குவான். கயிற்றின் மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஒருவர் குளியாளின் அண்ணன் தம்பியாக இருக்கக்கூடாது. உயிர்ச் சிநேகிதனாகவும் இருக்கக்கூடாது. பெண்சாதியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் இடத்தகராறு வரும். சிநேகிதர்களுக்குள் மனத்தாங்கல் வரும். தங்கச்சி கழுத்தில் தாலிக் கருகமணி கிடக்கவேண்டும் என்று நினைப்பவன் மட்டும் எந்தக் கோபத்திலும் கயிற்றை விடமாட்டான்.

சீனி நைனா என்ற குளியாளுக்குக் கயிறு பிடித்தவர் உதுமான். சீனி நைனா அவருடைய தங்கச்சி பல்கீஸின் புருஷன்.

உதுமானிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சீனி நைனா மூச்சு இழுத்து முங்கும்போது, தோணியில் இருக்கிற இவரும் மூச்சு இழுத்து அடக்கிக்கொள்வார். தன் நெஞ்சு தவித்தால் கீழே அவன் நெஞ்சும் தவிக்கிறது என்று தெரிந்துகொள்வார். குளியாளின் தம் இவருக்கு ஏது? பாதியில் திணறி விடுவார். உடனே மறுபடி இழுத்து அடக்குவார். கீழே அவன் கயிற்றைச் சுண்டினதும் இவர் தூக்குவார். அவன் தலை வெளியே வந்து 'ஊஃப்' என்று விடும்போது இவரும் 'ஊஃப்' என்று விடுவார். தோணியில் இருக்கிறவர்கள் இதைப் பார்த்துக் கேலி பண்ணுவார்கள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"உதுமான் காக்கா, நனையாமலே குளிக்கிறீங்களே."

இப்படியே வருஷங்கள் போயின. ஒருநாள் அடியில் கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது. உதுமான் இழுக்கிறார், வரவில்லை. இடம் மாற்றி இழுக்கிறார், வரவில்லை. எப்படியோ விடுபட்டு சீனி நைனா மேலே வந்தபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பலகையில் கிடந்துவிட்டு, எழுந்து, "பாறைக்கு நம்ம மேல பிரியம் மச்சான், விடமாட்டேன்னு சொல்லிருச்சு" என்று சிரித்தான்.

அவன் சிரித்துவிட்டான். உதுமானுக்குத் தூக்கம் போயிற்று.

படுப்பார். கண் சொக்கும். சொக்குகிற அந்த நேரம் பார்த்து மூச்சு தானாக நின்றுவிடும். நெஞ்சு அடைத்து, வாயைப் பிளந்துகொண்டு எழுந்து உட்காருவார். மறுபடி படுப்பார். மறுபடி நிற்கும். கையில் எது அகப்பட்டாலும் பிடித்து இழுப்பார்.

அவர் வீட்டுக்காரி ரகுமத்து ஒருநாள் சொன்னாள்: "போர்வையை இழுக்காதீங்க. அதுக்குள்ள உங்க மாப்பிள்ளை இல்ல."

ஜாதிக்காய் அரைத்துப் பாலில் கொடுத்தாள். கசகசா கொடுத்தாள். தலையில் நல்லெண்ணெய் வைத்துப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை.

பகலில் கடல் பளபளக்கும். தோணி தொட்டில் மாதிரி ஆடும். அப்படி ஆடிய ஒரு நாளில்தான் கயிறு கையில் இருக்கும்போதே உதுமானின் கண் மூடிக்கொண்டது. கீழே சீனி நைனா கயிற்றைச் சுண்டினான். பதில் இல்லை. மறுபடி சுண்டினான். பதில் இல்லை. கையைக் காலை அடித்து அவனே மேலே வந்து சேர்ந்தான். தோணியின் விளிம்பைப் பிடித்த அவன் விரல்களைப் பார்த்துத்தான் உதுமான் விழித்தார். அவன் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது.

"வெயில் மச்சான்" என்றான் சீனி நைனா. "யாருக்குத்தான் சொக்காது."

அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தோணியில் இருந்த மற்றவர்களுக்கு வாய் இருந்ததே.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பல்கீஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"காக்கா, உங்க மாப்பிள்ளைக்கு உங்க மேல வருத்தம் இல்ல. எனக்கு இருக்கு."

உதுமான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு ஜும்ஆ. தோணி போகாது. நாளை மறுநாள் விடிஞ்சா போகும். அதுக்குள்ள தூங்கின மூஞ்சியோட நீங்க என் முன்னால வந்து நிக்கணும். இல்லன்னா கயித்தை மாமி மகன்கிட்ட கொடுத்துருவேன்."

"அவன் உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லையே பல்கீஸ்."

"முழிச்சிருப்பான்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உதுமானுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஊர்ப் பேச்சை அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் வேறொருவன் கையில் அந்தக் கயிறு இருக்க, தான் கரையில் நின்று பார்ப்பதை அவரால் நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் தொழுகை முடிந்ததும் நேரே தைக்காவுக்குப் போனார். தைக்கா என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஒரு கூடம், ஒரு கிணறு, உட்கார நாலு பாய். இறைவன் பெயரைச் சொல்லி உட்கார விரும்புகிறவர்கள் அங்கே வந்து கூடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் இல்யாஸ் ஹஜ்ரத். தகப்பனாருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். உதுமானை விட ரொம்பச் சின்னவர். உதுமான் தோளில் ஏறிக் கந்தூரித் திருவிழா வேடிக்கை பார்த்த பிள்ளை. இன்றைக்கு உதுமான் அவருக்குச் சீடர்.

ஹஜ்ரத் முற்றத்து நிழலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சவேண்டும்.

"வாங்க காக்கா. கண்ணு என்ன, மிளகாய் அரைச்சீங்களா?"

"தூக்கம் இல்ல ஹஜ்ரத்."

நடந்ததையெல்லாம் உதுமான் சொன்னார்.  முடிந்ததும், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு நூல் ஓதிக் கொடுத்தீங்கன்னா கட்டிக்கிறேன்."

"அது இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. கீழே போனவர் கூப்பிடுறார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுண்டுவான்."

"எப்படி?"

உதுமான் பக்கத்தில் கிடந்த வாளிக்கயிற்றை எடுத்து ஒரு சுண்டு சுண்டிக் காட்டினார். ஹஜ்ரத் பூண்டை வைத்துவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம்."

சுண்டினார்.

"அலை ஆட்டினாலும் இப்படித்தானே இருக்கும்?"

"இல்ல ஹஜ்ரத். அலைக்கு ஆள் கிடையாது. சுண்டுறதுக்குப் பின்னால ஆள் இருக்கும். கைக்குத் தெரியும்."

"நல்லா இருக்கே" என்றார் ஹஜ்ரத். அப்புறம் உதுமானின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "காக்கா, இன்னைக்குக் கடல்ல யாராவது இறங்கியிருக்காங்களா?"

"வெள்ளிக்கிழமை யாரு இறங்குவா?"

"அப்ப இப்போ யாருக்காக மூச்சை அடக்கி வச்சிருக்கீங்க?"

உதுமான் திடுக்கிட்டுப் போனார். உண்மைதான். நெஞ்சு நிறையக் காற்று அடைந்து கிடந்தது. கயிற்றைத் தொட்டதும் அடைத்தது; பேசும்போதுகூட நுனி மூச்சில் பேசினாரே தவிர முழுக்க விடவில்லை. சட்டென்று வெளியே விட்டார். அவருக்கே வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு ஆச்சரியமும் வந்தது. இத்தனை வருஷமாக இது எத்தனை தடவை நடந்திருக்கும்? ஊசியில் நூல் கோக்கும்போது? வாசலில் யாருக்காவது காத்து நிற்கும்போது?

"ஹஜ்ரத்," என்றார் மெதுவாக, "ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கடல்ல அவன் மூச்சை நான் பார்த்துக்கிறேன். தூங்குற மனுஷன் மூச்சை யாரு பார்த்துக்கிறா?"

ஹஜ்ரத் எழுந்து கையைக் கழுவினார். "சீனி நைனாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. கடலுக்குக் கொண்டுபோற கயித்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

சீனி நைனா சாப்பிட்டு முடித்த கையோடு வந்தான். வாயில் வெற்றிலை. தோளில் கயிறு.

"கிணத்துல சங்கு கிடக்குதா ஹஜ்ரத்?"

"உங்க மச்சானை இறக்கப் போறோம்" என்றார் ஹஜ்ரத். "கயிறு நீங்க பிடிங்க."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. உதுமானின் இடுப்பில், தொப்புளுக்கு மேலாகக் கயிற்றைச் சுற்றி ஹஜ்ரத் கட்டினார். உதுமானுக்கு அது புதுசாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பிடித்த கயிறு அவர் இடுப்பை அதுவரை தொட்டதில்லை. சீனி நைனா தள்ளிப் போய்ச் சுவரில் சாய்ந்து, தொய்வில்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அடியில எது கிடந்தாலும் எடுத்துட்டு வாங்க மச்சான். பாதி எனக்கு."

"பேசாம இரு மாப்பிள்ளை."

உதுமான் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். பழக்கம் விடுமா? வாயால் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறின. அடக்கிக்கொண்டார்.

"கயித்துல ஏதாவது தெரியுதா?" என்று ஹஜ்ரத் சீனி நைனாவைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல ஹஜ்ரத். கல்லைக் கட்டி இறக்கினது மாதிரி இருக்கு."

"நீங்க கடல்ல இருந்து மேலே வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க? காத்தை இழுப்பீங்களா?"

"எங்க இழுக்கிறது? உள்ள இடம் இருந்தாத்தானே. முதல்ல விடுவேன். விட்டா இடம் வரும். இடம் வந்தா காத்து தானா வரும்."

"கேட்டீங்களா காக்கா?"

உதுமான் கண்ணைத் திறந்தார். "நான் இவனை மாதிரி கீழே போகணும்னுல்ல நினைச்சேன்?"

"தூக்கம் கீழே இருக்குன்னு யாரு சொன்னா?"

உதுமான் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. அவராக அப்படி நினைத்துக்கொண்டிருந்தார். படுக்கிறபோதெல்லாம் ஆழத்தில் இறங்குகிற ஆளாக, காற்றை நிரப்பிக்கொண்டு, அடைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.

"சின்ன வயசுல எனக்கு மூச்சிழுப்பு வரும்" என்றார் ஹஜ்ரத். "உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பார்க்கிறவங்கள்லாம் 'இழு, நல்லா இழு'ம்பாங்க. நானும் இழுப்பேன், இன்னும் அடைக்கும். எங்க உம்மா மட்டும் முதுகைத் தடவிக்கிட்டே 'விடு வாப்பா'ம்பாங்க. வாயை மூடிக்குங்க காக்கா. மூக்கால விடுங்க. மெதுவா. சுடுகஞ்சியை மூக்காலயே ஆத்துற மாதிரி."

உதுமான் விட்டார். விட்டுக்கொண்டே இருந்தார். நெஞ்சு இறங்கியது. தோள் பாயில் படிந்தது. காற்று தீர்ந்துபோன இடத்தில் ஒரு சின்ன அமைதி வந்தது. அந்த அமைதி அவரைப் பயமுறுத்தியது.

"அடுத்தது வராட்டி?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை கையில கயிறு இருக்கு" என்றார் ஹஜ்ரத்.

உதுமான் மறுபடி விட்டார். இந்தத் தடவை காத்திருந்தார். இழுக்கவில்லை. கையை நீட்டவில்லை. வருமா என்று வேடிக்கை மட்டும் பார்த்தார். வந்தது. மூக்கு வழியாகத் தானாகவே நுழைந்து, நெஞ்சில் நிற்காமல் நேராக வயிற்றுக்குப் போயிற்று. வயிறு எழும்பிக் கயிற்றைத் தள்ளியது.

சீனி நைனா சட்டென்று கயிற்றை இழுத்தான். உதுமான் பாயோடு அரையடி நகர்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"சுண்டினீங்களே மச்சான். கை தானா இழுத்துருச்சு."

"நான் எங்க சுண்டினேன்?"

"சுண்டினீங்க. ஆள் இருந்துச்சு, அலை இல்ல."

ஹஜ்ரத் சிரித்தார். "இழுக்க வேண்டாம். இது 'தூக்கு'ன்னு சொல்றது இல்ல. 'இருக்கேன்'னு சொல்றது. கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க."

மறுபடி விட்டார். மறுபடி வந்தது. சீனி நைனாவின் கை இழுக்கப் பரபரத்தது, அடக்கிக்கொண்டான். விடுவது நீளமாக இருந்தது, வருவது அவசரமில்லாமல் இருந்தது. கயிறு எழும்பியது, தாழ்ந்தது. உதுமான் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வருகிற மூச்சு எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. இதோ இந்தத் தடவை பார்த்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த தடவை பார்க்கலாம் என்று நினைத்தார். அதற்கப்புறம் என்ன நினைத்தார் என்று அவருக்கே தெரியாது.

கண் விழித்தபோது பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருந்தது. வாயோரம் எச்சில் உலர்ந்திருந்தது. எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே முதலில் தெரியவில்லை. தெரிந்ததும் கை இடுப்புக்குப் போயிற்று. கயிறு தளர்ந்து கிடந்தது.

பதறி எழுந்து பார்த்தார். கயிற்றின் முனை தரையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சீனி நைனாவின் விரிந்த கை. அவன் சுவரோரமாகச் சரிந்து, வாயில் வெற்றிலையை அடக்கியபடியே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஹஜ்ரத் முற்றத்துக்குத் திரும்பி, பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார். பூண்டில் ஒன்றிரண்டுதான் பாக்கி இருந்தது.

"இவன் எப்ப விட்டான்?"

"நீங்க தூங்கின கொஞ்ச நேரத்துல. கையில கயிறு ஆடிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அவருக்கும் சொக்கிருச்சு."

"அப்ப கயிறு?"

"கீழேதான் கிடந்துச்சு."

"யாருமே பிடிக்கலையா?"

"நான் பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன்."

உதுமான் கயிற்றைப் பார்த்தார். சீனி நைனாவின் வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் பார்த்தார். அவன் இடுப்பில் கயிறே இல்லை. தோணியில் அவனைப் பார்த்த நாளெல்லாம் அவன் மூச்சைத் தான்தான் கட்டிக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தார். இப்படி ஒரு மூச்சு அவனுக்குள் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி வந்துட்டுப் போச்சு" என்றார் ஹஜ்ரத்.

"பல்கீஸா?"

"இவரைத் தேடிக்கிட்டு வந்துச்சு. வாசல் நிலையிலேயே நின்னு உங்க ரெண்டு பேரையும் பார்த்துச்சு. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுருச்சு. 'விடியக்காலம் தோணிக்கு வந்துரச் சொல்லுங்க, வேற ஆள் பார்க்கலைன்னு சொல்லுங்க'ன்னுச்சு. போகும்போது, 'காக்கா குறட்டையைக் கேட்டு ரொம்ப நாளாச்சு'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

உதுமான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தார். பாதி சுருட்டியதும் கை நின்றுவிட்டது. ஹஜ்ரத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், தூங்குறதுக்கு வழி தெரிஞ்சுருச்சு. விட்டா வருது. ஆனா நாளைக்குக் கடல் இருக்கே."

"சொல்லுங்க."

"இவன் கீழே மூச்சில்லாம கிடப்பான். நான் மேலே உக்காந்து சுகமா விட்டு வாங்கிக்கிட்டு இருக்கிறதா? நான் அடக்கித்தான் பழக்கம். அடக்காட்டி அவனைத் தனியா விட்டுட்டது மாதிரி இருக்கு. மனசு கேக்காது."

ஹஜ்ரத் கடைசிப் பூண்டை எடுத்தார். தோலை உரித்து மற்றதோடு போட்டார்.

"காக்கா, ரெண்டு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டா, அவரைத் தூக்க மேலே யாரு இருக்கா?"